கனத்துப்போன மின்னஞ்சல் பெட்டி: கணினியை மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

தாதர், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் வட்டாரத்தில் எங்களிடம் நடப்புக் கணக்கும் ரொக்கக் கடன் கணக்கும் வைத்திருக்கும் சிறுதொழில் வாடிக்கையாளர்களிடம், கடன் புதுப்பிப்புக்காக ஆவணங்களைக் கேட்கும்போது, அண்மைக் காலமாக ஒரே விடை அடிக்கடி வருகிறது: “எல்லாம் மெயிலில் இருக்கிறது, ஆனால் அது திறக்கவே வெகுநேரம் ஆகிறது.” தோல் பொருள் தைத்து அனுப்பும் பட்டறையாயினும், மாட்டுங்காவின் பலசரக்குக் கடையாயினும், செம்பூரின் தணிக்கையாளர் அலுவலகமாயினும் இதே கதைதான். ஆர்டர், மாதிரிப் படம், விலைப்பட்டியல், ஜிஎஸ்டி பில், லாரி ரசீது, வங்கிக் கணக்கறிக்கை என அனைத்தும் பல ஆண்டுகளாக ஒரே பெட்டியில் விழுந்து கிடக்கின்றன. காலையில் அவுட்லுக்கைத் திறந்துவிட்டுத் தேநீர் குடித்து வருவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

கணினி பழையதாகிவிட்டது, புதிது வாங்கக் கடன் கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. கடன் கொடுப்பது எங்கள் தொழில். ஆயினும் பெரும்பாலான இடங்களில் முதலில் சரிசெய்ய வேண்டியது கணினியை அன்று, அஞ்சல் பெட்டியை என்பதைச் சொல்லிவிடுவது முறை.

வங்கிக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் வினவலாம். காத்திருக்கும் நேரம் மட்டுமே இழப்பு என்றால் நாங்கள் இதை எழுத வேண்டியதில்லை. பணமும் இதில் சிக்கியிருக்கிறது.

வழக்கமாகச் சரக்கு அனுப்பும் நிறுவனத்திடமிருந்து ஓர் அஞ்சல் வருகிறது: “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தப் புதிய கணக்கில் செலுத்துக.” அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும், கண்ணுக்குப் படாது. இப்படிப்பட்ட மோசடி உலகெங்கும் வணிகர்களைக் குறிவைத்து நடக்கிறது. இதனைத் தடுக்கும் முதல் வேலை மிக எளிது. அதே நிறுவனத்தின் பழைய அஞ்சலைத் தேடி எடுத்து, முகவரியையும் கணக்கு எண்ணையும் ஒப்பிட வேண்டும். பின்னர் அந்தப் பழைய பில்லில் உள்ள தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்ய வேண்டும். பெட்டி இலகுவாக இருந்தால் இதற்கு ஒரு நிமிடம் போதும். தேடல் சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தால், வேலை நெருக்கடியில் எவரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆர்டிஜிஎஸ் வழியே போன பணம் இறுதியானது. அனுப்பிய வங்கி நினைத்தாலும் தானே திரும்ப எடுக்க இயலாது. பணம் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டுக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி பணித்தது. அது பெரும் உதவிதான். ஆயினும் பெயர் ஓரளவு ஒத்திருக்குமாறு கணக்குத் தொடங்கும் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். பழைய பில்லைப் பார்ப்பதற்கு அது மாற்றாகாது.

இரண்டாவது, வங்கியின் எச்சரிக்கை அஞ்சல். அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகள் பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ ஏற்பட்ட கசிவால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்பது அதன் சாரம். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களின் நடப்புக் கணக்கில் வாடிக்கையாளர் ஏற்க வேண்டியது அதிகபட்சம் 10,000 ரூபாய். ஏழு நாட்களைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படிதான் முடிவு. நாட்கள் எண்ணப்படுவது தகவல் வந்து சேர்ந்ததிலிருந்து. தாங்கள் திறந்து படித்ததிலிருந்து அன்று. நாற்பதாயிரம் படிக்காத அஞ்சல்களுக்கு நடுவில் அந்த ஒன்று மூழ்கிக் கிடந்தால் நாட்கள் ஓடிவிடும்.

பெட்டி ஏன் கனக்கிறது?

பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதன் தலைமையகம் இதே மும்பையில் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஹாட்மெயில் இலவசமாகக் கொடுத்த இடம் 2 எம்பி. நான்கைந்து படங்கள் வந்தாலே நிரம்பிவிடும் என்பதால் படித்ததும் அழிப்பது அக்காலத்தின் பழக்கம். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடத்துடன் வந்தபோது அந்தப் பழக்கம் போயிற்று. அழிக்கத் தேவையில்லை, தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பரவியது. அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் ஜிமெயிலில் தேடுவது கூகுளின் கணினிகள். மேசைக் கணினியில் உள்ள அவுட்லுக்கில் தேடுவது தங்கள் கடையின் ஒற்றைக் கணினி. இந்த வேறுபாட்டைப் பலர் கருதுவதில்லை.

ஒரு சிறு கணக்கு. ஒரு பட்டறை நாளொன்றுக்கு இருபது அஞ்சல்களில் தலா 3 எம்பி அளவுள்ள படங்களையோ வருடிய பில்களையோ பெறுகிறது, அனுப்புகிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 60 எம்பி. ஆண்டுக்கு முந்நூறு வேலை நாள் என்றால் 18 ஜிபி. மூன்றாம் ஆண்டு முடியுமுன் 50 ஜிபியைத் தாண்டும். அவுட்லுக் 2010 முதலான பதிப்புகளில் ஒரு தரவுக் கோப்புக்கு இயல்பாக வைக்கப்பட்ட உச்ச அளவு இதே 50 ஜிபிதான். மேலும், மின்னஞ்சல் வழியே போகும் இணைப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கின்றன. மூன்று பைட்டுகளுக்கு நான்கு எழுத்துகள் வேண்டும். ஆகவே 3 எம்பி படம் சர்வரில் 4 எம்பிக்கும் சற்றுக் கூடுதலாக இடம் பிடிக்கிறது. அனுப்பியதன் நகல் ‘சென்ட்’ கோப்புறையிலும் கிடக்கும் என்பதையும் மறக்கலாகாது.

அவுட்லுக் இவை அனைத்தையும் ஒரே கோப்பில் வைக்கிறது. பிஎஸ்டி, ஓஎஸ்டி என்று அதற்குப் பெயர். வங்கி நடைமுறை தெரிந்தவர்களுக்கு இதனைப் பழைய லெட்ஜராகச் சொன்னால் விளங்கும். ஒரு தாளைக் கிழித்தாலும் லெட்ஜரின் அட்டை குறுகுவதில்லை. அதுபோல் அஞ்சலை அழித்தாலும் கோப்பின் அளவு உடனே குறையாது, உள்ளே வெற்றிடம் மட்டும் உண்டாகும். “ஆயிரக்கணக்கில் அழித்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்பவர்களின் குறைக்குக் காரணம் இதுவே.

எவ்வளவு கனம் தாங்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழிகாட்டல் உண்டு. 5 ஜிபி வரை பெரும்பாலான கணினிகளில் தடையிராது. 5 முதல் 10 ஜிபி வரை கணினியின் திறனைப் பொறுத்தது. 10 ஜிபிக்கு மேல் ஆங்காங்கே சற்று நின்று நகரும். 25 ஜிபியைத் தாண்டினால், குறிப்பாகப் புதிய அஞ்சல் இறங்கும்போது, அந்த நிற்றல் அடிக்கடி நிகழும். ஒரே கோப்புறையில் ஒரு இலட்சம் அஞ்சலுக்கு மேல் சேர வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டலில் உள்ளது. இரண்டும் வெவ்வேறு கேடுகள். அளவு குறைவாக இருந்தும் எல்லாம் ‘இன்பாக்ஸ்’ ஒன்றிலேயே குவிந்திருந்தால் திறப்பது தாமதமாகும்.

அழிப்பதற்கு முன் சட்டம்

கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடும் வாடிக்கையாளர்களை எண்ணி இதனை எழுதுகிறோம். நிறுவனச் சட்டம் 2013-இன் 128-ஆம் பிரிவு, நிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகள் காக்க வேண்டும் என்கிறது. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். 2023-24 நிதியாண்டுக்கு அந்தக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே அவ்வாண்டின் ஆவணங்கள் 2030 இறுதி வரை இருந்தாக வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் இன்னும் நீளும்.

அச்சிட்டு வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். மின்னணு வடிவில் ஆவணங்களைக் காப்பது பற்றித் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 7-ஆம் பிரிவு பேசுகிறது. ஆவணம் பின்னரும் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். யாரிடமிருந்து, யாருக்கு, எந்த நாள், எந்த நேரம் என்ற விவரங்களும் உடன் இருக்க வேண்டும். அஞ்சலை அஞ்சலாகவே வைத்தால் இவை தாமாகவே அமையும். வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுக்கும் மூலக் கோப்பே உதவும்.

ஆகவே எங்கள் கருத்து இது: அழிப்பது வழியன்று, பிரிப்பதே வழி. எந்தக் கிளையிலும் பத்தாண்டு வவுச்சர்களைக் கவுண்டரில் வைத்துக்கொண்டு எவரும் வேலை பார்ப்பதில்லை. அன்றாடத்துக்கு வேண்டியவை மேசையில் இருக்கும்; மற்றவை ஆண்டுவாரியாகக் கட்டி ஆவண அறைக்குப் போகும்; கேட்டால் எடுத்து வரலாம். மின்னஞ்சலுக்கும் அத்தகைய ஆவண அறை வேண்டும்.

பிரிக்கும் முறை

முதலில் அறிய வேண்டியது, தங்கள் கணக்கு எவ்வகையானது என்பது. மைக்ரோசாஃப்ட் 365 போன்ற சேவையாயின் அஞ்சல்கள் சர்வரில் இருக்கும். கணினியில் உள்ள ஓஎஸ்டி கோப்பு நகல் மட்டுமே. அது கெட்டாலும் சர்வரிலிருந்து மீண்டும் உருவாகும். ‘பாப்’ முறையில் அமைத்திருந்தால் நிலைமை வேறு. அஞ்சல்கள் கணினிக்கு இறங்கியபின், அமைப்பைப் பொறுத்துச் சில நாட்களில் சர்வரிலிருந்து நீங்கிவிடும். அப்போது கணினியில் உள்ள பிஎஸ்டி கோப்பு ஒன்றுதான் மூலம். வேறெங்கும் நகல் இல்லை. சொந்த இணையப் பெயரில் பல ஆண்டுகளுக்கு முன் மின்னஞ்சல் வாங்கிய சிறு கடைகள் பல இன்றும் ‘பாப்’ முறையில்தான் உள்ளன. அவர்கள் எதையும் தொடுமுன் நகல் எடுக்க வேண்டும்.

நகல் எடுக்கும்போது அவுட்லுக் முழுவதும் மூடியிருக்க வேண்டும். பென் டிரைவில் எடுப்பதாயின் ஓர் எச்சரிக்கை: பல பென் டிரைவுகள் ஃபேட்32 என்ற அமைப்பில் வருகின்றன, 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை அவை ஏற்பதில்லை. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் அமைப்பில் உள்ள வெளி வன்தட்டைப் பயன்படுத்துவது நலம்.

நகல் கையில் வந்தபின், அவுட்லுக்கிலேயே நிதியாண்டு ஒன்றுக்கு ஒரு புதிய தரவுக் கோப்பு உருவாக்கி, அதற்கு ‘2021-22’ என்பது போலப் பெயரிடலாம். அவ்வாண்டுக்கு உரியவற்றை, வந்தவை, போனவை இரண்டையும், அதற்கு மாற்றலாம். ஒரே நேரத்தில் ஐம்பதாயிரத்தை நகர்த்த முயன்றால் கணினி திணறும். மாதம் மாதமாக நகர்த்துவது நல்லது. நடப்பாண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் மட்டும் முதன்மைப் பெட்டியில் இருந்தால் போதும். நிதியாண்டை அளவாகக் கொள்ளச் சொல்வதற்குக் காரணம், தணிக்கையாளரும் வரித்துறையும் நாங்களும் அவ்வாறே கேட்கிறோம் என்பதே.

மாற்றியபின் ‘டெலீட்டட் ஐட்டம்ஸ்’ கோப்புறையைக் காலி செய்து, கோப்பைச் சுருக்க வேண்டும். ‘ஃபைல்’, ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’, ‘டேட்டா ஃபைல்ஸ்’ என்று சென்று, கோப்பைத் தெரிவு செய்து ‘செட்டிங்ஸ்’ உள்ளே ‘காம்பேக்ட் நவ்’ என்பதை அழுத்தினால் லெட்ஜரின் அட்டை குறுகும். பெரிய கோப்புக்குப் பல மணி நேரம் ஆகலாம். ஆகவே கடை மூடும் நேரத்தில் தொடங்கி, யுபிஎஸ் இணைப்பில் விட்டுச் செல்வது பாதுகாப்பு. நடுவில் மின்சாரம் போனால் கோப்பு பழுதாக வாய்ப்புண்டு.

பிரித்த ஆண்டுக் கோப்புகளை அவுட்லுக்கின் இடப்பக்கப் பட்டியலில் திறந்தே வைத்திருப்பது பலர் செய்வது. அப்படி வைத்தால் ஒவ்வொரு முறையும் அவையும் உடன் திறக்கும், தேடலும் அவற்றுள் புகும். பிரித்ததன் பயன் பாதி போய்விடும். வேலை முடிந்ததும் கோப்பின் பெயர் மீது வலது பொத்தானை அழுத்தி ‘க்ளோஸ்’ கொடுத்தால் பட்டியலிலிருந்து நீங்கும், கோப்பு அழியாது.

மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு வைத்திருப்போருக்கு வேலை குறைவு. கணக்கின் அமைப்பில், எத்தனை மாத அஞ்சல்களைக் கணினியில் வைத்திருப்பது என்று நகர்த்தும் பட்டை உண்டு. அதனை ‘ஓராண்டு’ என்று வைத்தால் பழையவை சர்வரில் மட்டும் இருக்கும். வேண்டும்போது அங்கிருந்து தேடிக்கொள்ளலாம். இங்கே சொன்ன பட்டியல் பெயர்கள் பழைய, அதாவது ‘கிளாசிக்’ அவுட்லுக்குக்கு உரியவை; விண்டோஸுடன் இப்போது வரும் புதிய அவுட்லுக்கில் அமைப்பு வேறு.

தண்டர்பேர்ட் பயன்படுத்துவோர் எங்கள் வட்டாரத்தில் குறைவு. அதில் ஒவ்வொரு கோப்புறையும் ஒரு நீண்ட உரைக்கோப்பு. அழித்தவை ‘காம்பேக்ட்’ கொடுக்கும் வரை இடத்தை விடமாட்டா. இதனை மாதம் ஒரு முறை செய்தால் போதும்.

மிகப் பழைய கணினியிலிருந்து கோப்பைக் கொண்டுவந்தவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவுட்லுக் 97 முதல் 2002 வரையான பதிப்புகளில் உருவான பிஎஸ்டி கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. அந்த எல்லையைத் தொட்டால் கோப்பே பழுதாகும். புதிய அவுட்லுக்கில் திறந்தாலும் அதன் பழைய அமைப்பு மாறாது. புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி அதற்குள் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்குப் பின்னும் தேடல் மெதுவாக இருந்தால், விண்டோஸின் தேடல் அட்டவணை பழுதாகியிருக்கலாம். கண்ட்ரோல் பேனலில் ‘இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்’ சென்று அதனைப் புதிதாகக் கட்டச் சொல்லலாம். ஓரிரவு முழுவதும் கணினி ஓடட்டும். கட்டி முடியும் வரை தேடல் அரைகுறையாகவே இருக்கும். தேவையற்ற ‘ஆட்-இன்’ நீட்சிகளை நிறுத்திவைப்பதும் திறக்கும் நேரத்தைக் குறைக்கும். பிஎஸ்டி கோப்பை வலையமைப்பில் பகிர்ந்த வட்டில் வைத்து இரு கணினிகளிலிருந்து திறக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் அதனை ஆதரிப்பதில்லை, கோப்பு கெடுவதற்கு அது நேர்வழி.

செலவு செய்வதாயின் முதல் செலவு எஸ்எஸ்டி வட்டாக இருக்கட்டும். சுழலும் வன்தட்டு, சிதறிக் கிடக்கும் துண்டுகளைத் தேடி ஊசியை அங்குமிங்கும் நகர்த்த வேண்டும். எஸ்எஸ்டி-இல் நகரும் உறுப்பே இல்லை. கனத்த அஞ்சல் பெட்டிக்கு இந்த வேறுபாடு வேறெதையும்விடக் கூடுதலாகத் தெரியும். லாமிங்டன் ரோட்டில் அதை வாங்கிப் பழைய கணினியிலேயே பொருத்தித் தருகிறார்கள். புதுக் கணினிக் கடன் விண்ணப்பம் தேவைப்படாது.

நகலை எங்கே வைப்பது என்பதும் மும்பைக்காரர்கள் நினைக்க வேண்டியதே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தாதர் கிழக்கின் ஹிந்துமாதா சந்திப்பில் அதற்கு முன்னும் பின்னும் வெள்ளம் தேங்காத பருவமழை அரிது. கணினியும் அதன் நகல் வட்டும் ஒரே கடையின் ஒரே மேசைக்கு அடியில் இருந்தால் நகல் எடுத்ததற்குப் பொருளில்லை. ஒன்று வீட்டில், மாடியில் இருக்கட்டும்.

இறுதியாக, எங்கள் எச்சரிக்கை அஞ்சல்களுக்கென்று அவுட்லுக்கில் ஒரு தனிக் கோப்புறையும், அவை தாமாக அதற்குள் போக ஒரு விதியும் அமைத்துக்கொள்ளலாம். அதைவிடச் சிறந்தது, வங்கிக்கு மட்டும் தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றை வைத்து, அதனைத் திறன்பேசியிலும் இணைத்துக்கொள்வது. நிறுவனக் கணக்காயின் கையொப்ப அதிகாரம் பெற்றவரின் கடிதத்துடன் கணக்குள்ள கிளைக்கு வந்தால் பதிவு முகவரியை மாற்றிக்கொள்ளலாம். கூடவே, கைப்பேசி எண்ணும் சரியாக உள்ளதா என்று கவுண்டரிலேயே பார்த்துக்கொள்க. சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை பற்றிய அஞ்சல் கண்ணில் பட்டால் கிளை திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வங்கியின் 24 மணி நேர எண்ணிலும், இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் உடனே தெரிவிக்கலாம்.